டத்தோவின் ஐந்தாவது பூங்கா

மகனின் கார் கேட்டுக்குள் நுழைந்தபோது இராஜம்மா கோப்பியை இரண்டாவது தடவையாகச் சுடவைத்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கு வருவதாக மருமகள் முதல் நாளே வாட்சாப்பில் போட்டிருந்தாள். எட்டேகாலுக்கே வந்துவிட்டார்கள். சமாதானம் பேச வருகிறவர்கள் தாமதமாக வருவார்கள். சண்டைக்கு வருகிறவர்கள்தான் நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பார்கள். எழுபத்தொரு வயதில் இதுகூடவா அவளுக்குத் தெரியாது!

சுகுமாறன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். மாலை போட்ட அப்பாவின் படத்துக்கு முன் நின்று கும்பிட்டான். அம்மா பக்கம் திரும்பவில்லை. ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படித்தான். அவன் மனைவி விஷ்ணுப்ரியா பின்னாலேயே வந்து, கையிலிருந்த பழுப்பு உறையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

"உக்காருப்பா... கோப்பி எடுத்தாறேன்."

"வேணாம்."

"ரெண்டு தோசையாவது..."

"நாங்க சாப்பிட வரல. பதினொரு மணிக்குப் பெட்டாலிங் ஜெயால லோயர் ஆபீஸ். நீங்க வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டாப் போதும். நானே திரும்பக் கொண்டாந்து விட்டுடுறேன்."

முன்பெல்லாம் 'நீ, வா, போ' என்றுதான் அவளிடம் பேசுவான். சண்டைக்குப் பிறகுதான் இந்த மரியாதை வந்தது.

"என்னப்பா எழுதியிருக்கு அதுல?"

"வீட்டுக்குப் பின்னால இருக்கிற நெலத்த அப்பா பூங்காவுக்குன்னு டவுன் கவுன்சிலுக்கு எழுதிக் குடுத்தப்ப அவருக்குப் புத்தி சரியா இல்ல. என்ன பண்றோம்னே தெரியாமக் கையெழுத்துப் போட்டுட்டாரு. அதான். கூடவே இருந்து பாத்தவங்க நீங்க. நீங்க சத்தியம் பண்ணாதான் கோர்ட்டு கேக்கும். சனிக்கிழம பூங்காவத் தொறந்துட்டாங்கன்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது."

இராஜம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அடுப்பில் கோப்பி மறுபடியும் ஆறிக்கொண்டிருந்தது.

கிள்ளானில் அவள் புருஷன் டத்தோ ரெங்கசாமியைத் தெரியாதவர்கள் கிடையாது. சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கியவர், நூற்று நாற்பது லோரிகளுக்கு முதலாளி. ஆனால் யாரும் அவரை லோரி டத்தோ என்று சொன்னதில்லை, பூங்கா டத்தோ என்றுதான் சொல்வார்கள். கிள்ளானில் ஒன்று, பிரிக்பீல்ட்ஸில் ஒன்று, பெட்டாலிங் ஜெயாவில் ஒன்று, ஜெஞ்சாரோமில் ஒன்று என்று நான்கு பூங்காக்களைத் தன் சொந்த நிலத்தில் போட்டு, மரம் வைத்து, பெஞ்சு போட்டு, பொதுமக்களுக்கென்று எழுதிக் கொடுத்த மனிதர். யாரும் காசு கொடுக்காமல், யாரையும் கேட்காமல் வந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்பார். எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் இறங்கமாட்டார். பத்திரிகைக்காரர்கள் அதையே தலைப்பாகப் போடுவார்கள்.

அந்த நான்கு திறப்பு விழாவிலும் இராஜம்மா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவருடைய மாத்திரைப் பெட்டி, சுடுதண்ணீர்ப் புட்டி, மாற்றுச் சட்டை. விழா முடிந்ததும் கூலியாட்களுக்குச் சோறு போட அவசரமாக வீட்டுக்கு ஓடிவருவாள். நான்கு பூங்காவில் ஒன்றிலாவது ஒரு சுற்று நடந்திருப்பாளா என்றால், இல்லை! நடக்கவா என்று அவள் கேட்டதும் இல்லை. நடந்துவிட்டு வா என்று அவர் சொன்னதும் இல்லை.

ஐந்தாவது நிலம் இந்த வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூன்று ஏக்கர். ஒரு காலத்தில் லோரிகள் நின்ற இடம். நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. சுகுமாறன் படித்து முடித்த நாளிலிருந்து, "அது உனக்குடா" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சொன்னவரே சாவதற்கு நான்கு மாதம் முன்னால், வாதம் வந்து சக்கர நாற்காலியில் கிடந்த நிலையில், திடீரென்று லோயரை வரவழைத்து அதைப் பூங்காவுக்கென்று எழுதிக் கொடுத்துவிட்டார். கொதித்துப்போய் வந்து நின்ற மகனிடம் இராஜம்மாதான் முந்திக்கொண்டு சொன்னாள்.

"உங்கப்பாவ ஏன்டா கேக்குற? நான்தான் குடுக்கச் சொன்னேன்."

அது பொய். வாயிலிருந்து வந்த அந்தப் பொய்யை அவளால் இன்றுவரை திரும்ப விழுங்க முடியவில்லை.

"சொல்லுங்கத்தே, வர்றீங்களா இல்லியா?" விஷ்ணுப்ரியா நின்றபடியே கேட்டாள்.

"அவரப் பைத்தியம்னு நான் எப்படிம்மா சத்தியம் பண்ணுவேன்? அம்பது வருஷம் கூடவே இருந்திருக்கேன்..."

"பைத்தியம்னு யாரும் சொல்லல. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு வர்ற கொழப்பம்தான்."

"கொழப்பம் இல்ல. எல்லாம் தெளிவாத்தான் பேசினாரு."

"அப்ப நீங்கதான கொழப்பினீங்க!" சுகுமாறன் மேசையில் அறைந்தான். "நீங்களே சொன்னீங்களே, நான்தான் குடுக்கச் சொன்னேன்னு! நெலத்துக்காகவா நான் இப்படி அலையிறேன்? எனக்குன்னு வெச்சிருந்தத, என்கிட்ட ஒரு வார்த்த கேக்காம, ஊருக்குத் தூக்கிக் குடுக்கச் சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? நான் என்ன பண்ணேன் உங்களுக்கு? சொல்லுங்க... என்ன பண்ணேன்?"

என்ன செய்தான் என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நிலம் எழுதப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, ஒரு மாலை நேரம். டிரைவர் டொமினிக் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தான். போனவர் பத்தே நிமிஷத்தில் திரும்பிவிட்டார். முகம் வெளிறியிருந்தது. நிலமெல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சிகள். தூங்குமூஞ்சி மரத்தில் சிவப்புச் சாயம். யார் நட்டது என்று விசாரித்தால், அளக்க வந்த சர்வேயர் பையன் சொல்லிவிட்டான்: "மிஸ்டர் சுகுமாறன்தான் அளக்கச் சொன்னாரு."

மற்றவர்களுக்கு அது வெறும் குச்சி. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அப்படி இல்லை. ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரெங்கசாமிக்குப் பதினாறு வயது இருக்கும்போது ஒரு நாள் பால்மரங்களுக்கு நடுவே இப்படித்தான் சிவப்புத் துணிக் குச்சிகள் முளைத்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் தோட்டம் கைமாறிவிட்டது. தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தார்கள். தாயும் நான்கு பிள்ளைகளும் ரோட்டோரத்தில் படுதா கட்டி மூன்று வாரம் கிடந்தார்கள். அந்த மூன்று வாரத்தில்தான் கைக்குழந்தையாயிருந்த தங்கை போய்விட்டாள். அதற்குப் பிறகு எத்தனை லோரி வாங்கினாலும், எத்தனை பேர் டத்தோ என்று கூப்பிட்டாலும், சிவப்புத் துணிக் குச்சி என்றால் அவருக்கு ஒரே அர்த்தம்தான்: வித்தாச்சு. மரம் நட்ட இடத்தில் எவனும் குச்சி நட முடியாது என்பார். அதற்காகவே பூங்கா போட்ட மனிதர்.

"நான் மூச்சோட இருக்கேன்... அதுக்குள்ள அளந்துட்டான்டி உன் புள்ள!"

அன்று ராத்திரி முழுக்க இதையே குழறிக் குழறிச் சொன்னார். அத்தோடு விட்டாரா? விடிந்ததும், கோப்பி கொடுக்கப் போன மனைவியையும் சவரம் செய்ய வந்த டொமினிக்கையும் நிற்கவைத்து இன்னொன்றும் சொன்னார். அந்தச் சொல்லைத்தான் இராஜம்மா நெஞ்சுக்குள் போட்டு மூடிவைத்திருந்தாள். மகனுக்கு அது தெரிந்தால் அப்பாவைப் பார்க்க வரமாட்டான், அல்லது வந்து கேட்டு அப்பாவின் காலில் விழுவான், அவர் போடா என்று விரட்டுவார். எது நடந்தாலும் தகப்பனும் மகனும் பிரிந்தே போவார்கள். கோபம் யார்மேலாவது போகத்தானே வேண்டும், என்மேல் வரட்டும் என்று அவள் குறுக்கே போய் நின்றுகொண்டாள். அவள் கணக்கு தப்பவில்லை. அம்மாவிடம் பேசாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் அப்பாவைப் பார்க்க வந்தான். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதை நோய் என்று நினைத்துக்கொண்டான்.

"பதில் சொல்லாம இருந்தா எப்படி?" சுகுமாறன் எழுந்துவிட்டான். "சரி, நானே சொல்லிடுறேன். இன்னிக்கு நீங்க வரலன்னா, அடுத்த மாசம் அப்பா திவசத்துக்கு நான் இந்த வீட்டுக்கு வரமாட்டேன். பத்துமலை ஆத்தோரமாத் தனியாக் குடுத்துக்கறேன். தாமரையும் வராது. பேத்தின்னு ஒருத்தி இருக்கான்னு மறந்துடுங்க. புள்ள ஒருத்தன் இருந்தான்னும் மறந்துடுங்க."

"அப்படிச் சொல்லாதப்பா..."

"வேற எப்படிச் சொல்லணும்?"

"எனக்கு முடியலடா, சுகு... ரொம்ப முடியல. அவரு பேருக்கு நான் களங்கம் பண்ண மாட்டேன். என்னால அதுமட்டும் ஆகாது. நீ என்ன வேணும்னாலும் நெனச்சிக்க."

விஷ்ணுப்ரியா உறையை எடுத்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை அவள். புருஷன் ஒரு வருஷமாகத் தூங்காமல் புரள்வதைப் பார்த்துப் பார்த்துக் கசந்துபோனவள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"மாமா நல்லா இருந்தப்ப ஒருநாளு உங்கள மதிச்சது இல்ல. அத மனசுல வெச்சுக்கிட்டு, படுத்த படுக்கையா இருந்தவரு கையப் புடிச்சிக் கையெழுத்து வாங்கிப் பழி தீத்துக்கிட்டீங்க. அதான் உண்ம. பெத்த புள்ளயவிட உங்களுக்கு..."

"போதும்மா!"

சமையலறை வாசலில் டொமினிக் நின்றிருந்தான். முப்பத்திரண்டு வருஷம் டத்தோவுக்குக் காரோட்டியவன். பிரிக்பீல்ட்ஸ் பூங்காவுக்கு இன்றும் அவன்தான் தண்ணீர் விடுகிறான். வாரம் இரண்டு நாள் கொம்யூட்டர் ரயிலேறி வந்து இந்த வீட்டுச் செடிகளையும் பார்த்துவிட்டுப் போவான். கையில் கத்தரிக்கோல், முழங்கால்வரை சேறு.

"டொமினிக், நீ உள்ள வராத. போய் வேலயப் பாரு," என்றாள் இராஜம்மா அவசரமாக.

"இல்லம்மா. மன்னிச்சுக்குங்க. ஒரு வருஷமா ஒவ்வொரு ஞாயிறும் கோயில்ல முட்டி போட்டுக் கேட்டுட்டேன், ஏசுவே, நான் சொல்லவா வேணாமான்னு. இன்னிக்கும் வாய மூடிக்கிட்டா நான் மனுசன் இல்ல."

"டொமினிக்! உன்னக் கையெடுத்துக் கும்புடுறேன்..."

அவன் அவளைப் பார்க்காமல் சுகுமாறனைப் பார்த்தான். "தம்பி, அம்மா குடுக்கச் சொல்லல. டத்தோதான் குடுத்தாரு. உங்க மேல உள்ள கோவத்துல குடுத்தாரு. செவப்புத் துணிக் குச்சியப் பாத்தாரு, நீங்க நெலத்த வித்துட்டீங்கன்னு நெனச்சாரு. மறுநாள் காலைல எங்க ரெண்டு பேரையும் நிக்க வெச்சுச் சொன்னாரு..." கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "சுகுமாறன் எனக்குக் கொள்ளி வைக்கக் கூடாது. வேற யாரும் இல்லன்னா டொமினிக் வைக்கட்டும், கிறிஸ்துவனா இருந்தாலும் பரவால்லன்னு சொன்னாரு, தம்பி. அம்மா அன்னிக்கே என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னு."

ரோட்டில் ஒரு லோரி கியர் மாற்றிக்கொண்டு போனது.

சுகுமாறன் சுவரைப் பிடித்துக்கொண்டான். "குச்சி... எந்தக் குச்சி?" என்றான். பிறகு அவனுக்கே விளங்கிவிட்டது. "ஐயோ... அந்தக் குச்சியா! அது வீட்டுக்கும்மா! அப்பாவுக்கு வீடு!"

"என்னப்பா சொல்ற?"

"இங்க குளிக்கிற ரூமு மாடியில இருக்கு. அவரக் குளிப்பாட்ட நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க, அவரு கண்ண மூடிக்குவாரு... அதப் பாக்க முடியலன்னு, பின்னால தரையோட தரையா ஒரு வீடு கட்டலாம்னு இருந்தேன். எல்லாக் கதவும் சக்கர நாற்காலி போற அகலம். வாசல்லேர்ந்து மரத்தடி வரைக்கும் சிமெண்டுப் பாத. உங்க ரெண்டு பேருக்கும்மா! அப்பாவோட எம்பதாவது பொறந்தநாளுக்குச் சொல்லலாம்னு..."

"மரத்துல செவப்புச் சாயம் இருந்திச்சே தம்பி?"

"வெட்டக் கூடாதுன்னு போட்ட அடையாளம் அங்கிள் அது!"

விஷ்ணுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வரைபடம் அவளுடைய கைப்பேசியில் இன்னும் இருந்தது. அதை நீட்டினாள். கண்ணாடி இல்லாமல் இராஜம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மகன் முகம் மட்டும் தெரிந்தது. பொய் சொல்லும் முகமில்லை அது.

"நீ வித்துட்டேன்னுதான் நானும் நெனச்சேன்டா," என்றாள். "நானும்தான்..."

"வித்துட்டேன்னு நெனச்சியா? நெனச்சிக்கிட்டேவா என்னைக் காப்பாத்துன?"

"புள்ளையாச்சேடா. தப்புப் பண்ணிட்டான், பண்ணட்டும், தகப்பன் சாபம் மட்டும் வேணாம்னு..."

அவள் எழுந்தாள். புருஷனின் படத்துக்கு நேரே போய் நின்றாள். அவர் உயிரோடிருந்தபோது ஒருநாளும் அவர் முகத்துக்கு நேரே நின்று பேசியதில்லை.

"ஏங்க... கேட்டிருக்கலாம்ல? ஊருல போறவன் வர்றவனையெல்லாம் கூப்புட்டு உக்காரவெச்சுக் கேப்பீங்களே, சாப்புட்டியா, வேல இருக்கான்னு... பெத்த புள்ளயக் கூப்புட்டு ஒரு வார்த்த, ஏன்டா குச்சி நட்டேன்னு, கேட்டிருக்கக் கூடாதா?"

மாலையைச் சரிசெய்வதுபோல் கையை நீட்டியவள், செய்யாமலேயே திரும்பினாள். அறைக்குள் போய்க் கைப்பையை எடுத்து வந்தாள். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"வா சுகு. கார எடு. லோயர் ஆபீஸ் எங்க இருக்கு?"

"எதுக்கும்மா?"

"கையெழுத்துப் போடுறேன். அன்னிக்கு அவருக்குப் புத்தி இல்லதான். கண்ணு முன்னால நின்ன புள்ளயத் தெரியாமப் போச்சுல்ல? இப்ப நான் பண்ற சத்தியம் பொய்யில்ல. அந்த நெலம் உன்னுது. எடுத்துக்க!"

கார்க் கதவைப் பிடித்து இழுத்தாள், அது பூட்டியிருந்தது. இழுத்த இழுப்பில் அவள் உடம்பே ஆடியது. சுகுமாறன் ஓடிவந்து அவளைப் பிடித்தான். பிடித்தவன் அப்படியே கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில் அவள் காலடியில் உட்கார்ந்து, நாற்பத்தாறு வயது மனிதன், பள்ளிக்கூடப் பையனைப் போலத் தேம்பி அழுதான்.

"வேணாம்மா... வேணாம். உன் கையால அத எழுத வேணாம். நான் எத்தன ஞாயித்துக்கெழம வந்தேன்! அவரு செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாரு... நோயின்னு நெனச்சேன்மா! பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சுக் காட்டுனேனே... என்னப் புடிக்காமதான் திரும்பிக்கிட்டாரா? வைக்கக் கூடாதுன்னு சொன்னவருக்குக் கொள்ளியும் வெச்சுட்டேனே!"

இராஜம்மா தரையில் உட்கார்ந்தாள். முழங்கால் மடங்க மறுத்தது. மருமகள் தாங்கி உட்காரவைத்தாள். அவன் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"வைக்கச் சொன்னவ நான்டா. பாவம்னா என்னைச் சேரட்டும். நீ வெச்சதுதான் சரி. தகப்பனுக்குக் கோவம் வரலாம், அது அவருகூடப் போச்சு. எரிஞ்சு போச்சு. நீ அழுவாத..."

"உன்னப் போயி... என்னென்ன பேசிட்டேன்மா..."

"பேசுன. கேட்டுக்கிட்டேன். முடிஞ்சிச்சு, விடு."

விஷ்ணுப்ரியா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தே, நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள். இராஜம்மா தலையை அசைத்தாள். மன்னித்தேன் என்று சொல்லக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை. அந்தக் கையை விடாமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

"பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்துடும்மா. எங்க கூடவே இரு."

"வரேன். இப்ப இல்ல. இப்பக் கொஞ்ச நேரம் படுக்கணும்டா. எனக்கு அதான் வேணும்."

அவளை எழுப்பி உள்ளே கூட்டிப்போனார்கள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் பகல் ஒன்பதரை மணிக்கு இராஜம்மா படுத்ததே கிடையாது. யாருக்காவது சோறு வடிக்க வேண்டும், யாருக்காவது மருந்து கொடுக்க வேண்டும். இன்று சோபாவில் கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள். சுகுமாறன் கீழே தரையில், அவள் தலைமாட்டில் உட்கார்ந்தான். டொமினிக் ஆறிப்போன கோப்பியை மறுபடி சுடவைத்து எல்லோருக்கும் கொண்டுவந்து வைத்தான்.

பத்தேகாலுக்குக் கைப்பேசி அடித்தது. லோயர்தான். கிளம்பிவிட்டீர்களா என்று கேட்டிருக்க வேண்டும். சுகுமாறன் எழுந்து போகவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டான்.

"வரல பாஸ்... இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல, அம்மா தூங்குறாங்க. கேஸ் வேணாம். சனிக்கிழம தொறக்கட்டும்." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். "புத்தியா? எங்க அப்பாவுக்கா? நல்ல தெளிவாத்தான் இருந்தாரு லா. யாரும் கொழப்பல. என்னைக் கூப்புட்டுப் பக்கத்துல உக்காரவெச்சுக் கேட்டாரு... சுகு, குடுத்துடட்டுமான்னு. நான் குடுங்கப்பான்னு சொன்னேன். ஆமா. அப்பாவுக்கும் எனக்கும் ஒரு வருத்தமும் இல்ல. கடைசி வரைக்கும் நல்லாத்தான் பேசிக்கிட்டு இருந்தாரு."

சொல்லும்போது அவன் குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆனாலும் நிறுத்தாமல் சொல்லி முடித்தான்.

இராஜம்மா தூங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி அவன் தலையைத் தடவினாள். அவன் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். விஷ்ணுப்ரியா, பள்ளிக்கூடம் விட்டதும் தாமரையை நேராகக் கிள்ளானுக்கு அழைத்துவரச் சொல்லி யாருக்கோ செய்தி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அதை முடிப்பதற்குள் இராஜம்மா நிஜமாகவே தூங்கிப்போனாள்.